ஏழு மதில் ஓட்டம்

ஸ்ரீரங்கத்தில் மார்கழி மாதத்து விடியற்காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதவர்கள் ஒரு தடவை சென்னையிலிருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறிவிடுங்கள். இருட்டுப் பிரிவதற்கு முன்பே அது உங்களை ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் இறக்கிவிட்டுத் தன் பாட்டுக்குத் திருச்சிக்குப் போய்விடும். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தால், எங்கிருந்தோ ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். காப்பிக் கடையில் பால் பொங்கும் வாசனை வரும். அண்ணாந்து பார்த்தால் 236 அடி உயர ராஜகோபுரம் இருட்டுக்குள் இன்னொரு இருட்டாக நிற்கும். வீட்டுக்கு வீடு பெண்கள் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

சென்ற மார்கழியில் பகல் பத்து உற்சவத்துக்காக நான் போய் இறங்கியபோதும் எல்லாம் அப்படியேதான் இருந்தன. ஒன்றே ஒன்றுதான் புதிது.

என் அக்காவின் வீடு கிழக்கு அடையவளஞ்சான் தெருவில் இருக்கிறது. ஆட்டோ அந்தத் தெருவில் திரும்பியதுமே எதிரே ஒரு பெண் ஓடி வந்தாள். தலைமயிரை இறுகக் கட்டி, கால்களில் பூட்ஸ், இடுப்பில் மினுக் மினுக்கென்று ஒரு சிவப்பு விளக்கு! எந்த வீட்டில் என்ன விபரீதமோ, டாக்டரை அழைத்து வரத்தான் ஓடுகிறாளோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அவள் கோலங்களை ஒன்றுகூட மிதிக்காமல் தாண்டித் தாண்டி வந்து, ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வாங்கோ சித்தி! பிரயாணமெல்லாம் சௌக்கியமா? இன்னும் ஒரு சுத்து பாக்கியிருக்கு. முடிச்சுட்டு வந்துடறேன்."

சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டாள். அவள் வேறு யாருமில்லை, என் அக்காவின் மருமகள்தான்!

வாசலில் நின்றிருந்த அக்கா என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. "பார்த்தியோல்லியோ? நீயே பார்த்துட்டே. இனிமே நான் எதுவும் சொல்ல வேண்டாம்" என்றாள். அன்று முதல் அந்த வீட்டு வழக்குக்கு நான்தான் நீதிபதி என்று ஆகிவிட்டது.

வழக்கு என்ன?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நடுவில் ஓய்வில்லாமல் அடுத்தடுத்துச் செய்வது ஒரு பந்தயம். அதற்கு டிரையத்லான் என்று பெயர். 1978-ஆம் வருஷம் ஹவாய்த் தீவுகளில் 15 பேர் சேர்ந்து, 3.8 கிலோமீட்டர் கடலில் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அப்புறம் 42 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது என்று கிளம்பினார்களாம். அவர்களில் 12 பேர் முடித்தும் விட்டார்கள். அந்த யோசனையைக் கிளப்பியவர்கள் ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ் என்ற தம்பதிகள். முதல் வருஷம் ஓடியவர்கள் எல்லாரும் ஆண்கள். அடுத்த வருஷமே லின் லமேர் என்ற பெண்மணி வந்து, ஆண்களுக்கு நடுவில் ஐந்தாவதாக முடித்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இதைவிடச் சிறிய அளவில் ஒலிம்பிக் பந்தயம் ஒன்று உண்டு. 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். 2000-ஆம் வருஷம் சிட்னி ஒலிம்பிக்ஸில் இதை முதன்முதலாகச் சேர்த்தபோது, ஆண்களுக்கு முன்னால் பெண்கள் பந்தயத்தைத்தான் நடத்தினார்கள்.

மேல்நாடுகளில் இந்தப் பந்தயங்கள் பெரும்பாலும் வெயில் காலத்தில் நடக்கின்றன. குளிர்காலத்தில் பனி கொட்டும். வெளியே தலை நீட்ட முடியாது. உடம்பு சோம்பிப் போகும். ஆகவே அவர்கள் ஒரு உபாயம் செய்தார்கள். குளிர்காலத்தில் சில வாரங்களுக்கு, தினம் செய்த பயிற்சியைக் கணக்கெழுதிப் புள்ளி போட்டுக்கொள்வது. முன்பெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். இப்போது கைக்கடிகாரமும் செல்போனுமே அளந்து இணையத்தில் சேர்த்துவிடுகின்றன. 2020-இல் ஊரடங்கு வந்து, சேர்ந்து ஓட முடியாமல் போனபோது, இந்த மாதிரி இணையப் போட்டிகள் எங்கும் பெருகிவிட்டன. யார் எந்த ஊரில் இருந்தாலும் ஒரே போட்டியில் சேரலாம்.

நம்முடைய மருமகள் அப்படி ஒன்றில்தான் பெயர் கொடுத்திருந்தாள். மொத்தம் எட்டு வாரம். வேகத்துக்குப் பரிசு இல்லை. எத்தனை நாள் விடாமல் செய்தாய், எவ்வளவு நேரம் செய்தாய் என்பதற்குத்தான் புள்ளி. அவள் கோஷ்டியில் பனி தேசத்துக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குள்ளேயே சைக்கிளை ஒரு தாங்கியில் மாட்டிக்கொண்டு, நகராத சைக்கிளில் மணிக்கணக்காக மிதிப்பார்களாம்.

"அவாளுக்கெல்லாம் குளிர்காலம்னா கஷ்டகாலம். நமக்கு இதுதான் சித்தி நல்ல காலம். சித்திரை வெயில்லே திருச்சியிலே யாராவது ஓட முடியுமா?" என்றாள் அவள்.

நியாயந்தானே? திருச்சி வெயிலை அனுபவித்தவர்களுக்குத்தான் திருச்சி மார்கழியின் அருமை தெரியும்.

ஆனால் அக்கா இதற்கெல்லாம் மசிகிறவளா? "ஏண்டி, மார்கழி மாசம் விடிகாலையிலே எழுந்துக்கறா, ரொம்ப சந்தோஷம். எழுந்து பெருமாளைச் சேவிச்சா புண்ணியம் உண்டு. தெருத் தெருவா ஓடினா என்ன உண்டு?" என்று என்னைக் கேட்டாள். நீதிபதி இரு தரப்பையும் விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லலாமா? நான் மறுநாளிலிருந்து மருமகளோடு கிளம்பிவிட்டேன்.

மதில் கணக்கு

ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏழு பிராகாரங்கள், ஏழு மதில்கள். கோயிலின் பரப்பு 156 ஏக்கர். உலகத்தில் எத்தனையோ பெரிய கோயில்கள் இருக்கலாம். மதிலுக்குள்ளேயே காய்கறிக் கடை, பள்ளிக்கூடம், மாவு மில், கல்யாண மண்டபம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஜனங்கள் குடித்தனம் செய்கிற கோயில் எத்தனை இருக்கும்? உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாக வீதிகள் போகின்றன. அடையவளஞ்சானை ஒரு தடவை சுற்றினால் மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வருகிறது என்று அவள் கடிகாரம் சொல்லிற்று.

நான் ஒரு சுற்று நடப்பதற்குள் அவள் இரண்டு சுற்று ஓடி, மூன்றாவதில் என்னைப் பிடித்துவிடுவாள். ஓடும்போது வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். என்னவென்று கேட்டேன்.

"பாசுரம்தான் சித்தி. மூச்சு வாங்காம ஒரு பாசுரம் முழுக்கச் சொல்ல முடிஞ்சா அதுதான் சரியான வேகம். நடுவிலே திணறித்துன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். குளிர்காலப் பயிற்சி முக்காலும் இப்படி மெதுவாத்தான் பண்ணணும். அஸ்திவாரம் போடற மாதிரி."

மற்ற ஊர்களில், பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிகிறதா என்று பார்த்து வேகத்தை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஸ்ரீரங்கத்தில் ஆண்டாளே கூட ஓடி வருகிறாள்!

அன்று மத்தியானம் கோயிலைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஏழு மதில்களின் மொத்த நீளம் 32,592 அடி என்று போட்டிருந்தது. கிலோமீட்டரில் கணக்குப் பார்த்தேன். பத்துக்கு மிக அருகில்! அதாவது, ஒலிம்பிக் டிரையத்லானில் கடைசியாக ஓடும் தூரம். இதை அக்காவிடம் சொன்னேன். அவள் புளியைக் கரைத்துக்கொண்டே, "அதனாலே?" என்றாள். ஆனால் அன்று இரவு, "எத்தனை அடின்னே?" என்று மறுபடி ஒரு தரம் கேட்டாள்.

முக்கொம்பில் கேட்ட கதை

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் முறை. அக்காவின் பிள்ளை காரை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, அவள் முன்னால் சைக்கிளில் போனாள். காவிரிப் பாலத்தைத் தாண்டிக் கரூர் சாலையில் திரும்பினால், கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், ஜீயபுரம் என்று ஒவ்வோர் ஊராக வரும். ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் வாழைத் தோட்டம். பனி மூட்டத்துக்குள் அவள் இடுப்பு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டு போயிற்று. போக ஏறக்குறைய பதினெட்டுக் கிலோமீட்டர், வரப் பதினெட்டு. இன்னும் கொஞ்சம் சுற்றினால் ஒலிம்பிக் கணக்கான நாற்பது சரியாக வந்துவிடும்.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவிலிருப்பதுதான் ஸ்ரீரங்கம் தீவு. முன்காலத்தில் தண்ணீரெல்லாம் தாழ்வாக இருந்த கொள்ளிடத்துக்கே ஓடி, காவிரி வறண்டு, தஞ்சாவூர் வயல்கள் காய்ந்துகொண்டிருந்தன. 1836-இல் ஆர்தர் காட்டன் என்ற துரை இங்கே மேலணையைக் கட்டி, இதற்கு இவ்வளவு, அதற்கு அவ்வளவு என்று தண்ணீரைப் பங்கு போட்டார். அந்த அணை 180 வருஷத்துக்கு மேல் உழைத்தது. 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்தபோது கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. பிறகு பக்கத்தில் புதிதாகக் கதவணை கட்டியிருக்கிறார்கள்.

பூங்காவில் உட்கார்ந்து, கொண்டு போயிருந்த இட்லியைப் பிரித்தோம். அவள் கணவன் வண்டிக்குக் காற்றடிக்கப் போயிருந்தான். நான் மெதுவாகக் கேட்டேன்: "ஏம்மா, உனக்கு எதற்கு இவ்வளவு சிரமம்? பாங்கு வேலை, இரண்டு குழந்தைகள், வீட்டுக் காரியம். போதாதா?"

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்கம்மாவுக்கு நாற்பத்தஞ்சு வயசிலே சர்க்கரை வந்தது, சித்தி. 'எனக்கென்ன, வீட்டு வேலையே தேகப்பயிற்சிதானே'ன்னு சொல்லிண்டே இருந்தா. அம்பத்தெட்டிலே போயிட்டா. எனக்கு இப்போ முப்பத்தெட்டு. போன வருஷம் டாக்டர், 'எல்லையிலே நிக்கறேள்'னு சொன்னார். அன்னிக்குச் சாயங்காலம் நடக்க ஆரம்பிச்சேன். நடை ஓட்டமாச்சு. இந்த வருஷம் நீச்சல் கத்துண்டேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நாள் முழுக்க நான் இத்தனை பேருக்குப் பங்கு போட்டாச்சு. விடிகாலை ஒண்ணரை மணி எனக்கு. அதையும் விட்டா அணை உடைஞ்சுடும்" என்றாள்.

சகோதரிகளே, எனக்கு அந்த இட்லி தொண்டையில் இறங்கவில்லை. வீட்டு வேலையே தேகப்பயிற்சி என்று நம்மில் எத்தனை பேர் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

மலைக்கோட்டையும் காவிரியும்

அடுத்த வாரம் ஒரு நாள் மலைக்கோட்டை. கால்களுக்குப் பலம் வர, படி ஏறுவதற்கு இணையான பயிற்சி இல்லை என்றாள். உச்சிப் பிள்ளையாருக்கு 417 படிகள். ஆச்சரியம் என்னவென்றால், அன்று அக்காவும் கிளம்பிவிட்டாள். "பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் வேண்டுதல் பாக்கி" என்று ஒரு காரணமும் சொன்னாள்.

அவள் இரண்டு தடவை ஏறி இறங்குவதற்குள் நாங்கள் இருவரும் தாயுமானவர் சந்நிதி வரை ஏறி மூச்சு வாங்கிக்கொண்டோம். தாயுமானவர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரசவ வேதனையில் இருந்த பெண்ணிடம் வரவேண்டிய தாய், காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையில் நின்றுவிட்டாள். ஈசுவரனே அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

மேலே போய் நின்றால் காவிரியும் பாலமும் ராஜகோபுரமும் பச்சைத் தென்னந்தோப்பும் சித்திரம் எழுதியதுபோல் தெரியும். அக்கா வெகு நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கதையை அம்மா முதல்லே சொன்னப்போ நான் என்ன கேட்டேன் தெரியுமோ? 'அந்த அம்மாவுக்கு நீச்சல் தெரியாதா?'ன்னு கேட்டேன். நறுக்குன்னு ஒரு குட்டு வெச்சா" என்றாள் திடீரென்று.

எங்கள் பிறந்த வீடு திருச்சிக் கரையில், ஓடத்துறைப் பக்கம் இருந்தது. நான் அப்போது கைக்குழந்தை. ஆகையால் எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தை அறுபது வருஷம் கழித்து அன்றுதான் கேட்டேன். என் அக்கா நீச்சல்காரியாம்! முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு மாமாவிடம் கற்றுக்கொண்டாளாம். பத்து வயதில் குடுக்கையை எறிந்துவிட்டாளாம். நடு ஆற்று மணல் திட்டுக்குப் பையன்களுக்கு முன்னால் போய்ச் சேருவாளாம்.

1959-இல் ஆரத்தி சாகா என்ற வங்காளப் பெண் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தாள். ஆசியாவிலேயே முதலில் கடந்த பெண்மணி அவள்தான். "மாமா அந்தப் பேப்பர் படத்தைக் கத்திரிச்சுச் சுவத்திலே ஒட்டி வெச்சிருந்தார். நானும் அப்படி நீந்தப் போறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருந்தேன்" என்றாள் அக்கா.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பதிமூணு வயசாச்சு. இனிமே ஆத்துப் பக்கம் போகக்கூடாதுன்னுட்டா. போகலை."

அவ்வளவுதான் சொன்னாள். புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு படி இறங்க ஆரம்பித்துவிட்டாள். எதிரே வேர்வை வழிய மறுபடி ஏறி வந்த மருமகளைப் பார்த்து, "மெதுவா ஏறு, முழங்கால் போயிடப்போறது" என்றாள். அந்த வார்த்தையில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு விஷயம் இங்கே சொல்லிவிடவேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் அம்மா மண்டபத்தில் இறங்கிக் காவிரியில் நீச்சல் பழக வேண்டாம். மணல் எடுத்த பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று மேலிருந்து தெரியாது. சுழலும் உண்டு. மருமகள் நீந்துவது திருச்சியில் ஒரு நீச்சல் குளத்தில், பயிற்சி தருகிறவரின் கண் முன்னால்தான்.

மூன்று நாள் காய்ச்சல்

வைகுண்ட ஏகாதசி வந்தது. முதல் நாள் நம்பெருமாளுக்கு மோகினி அலங்காரம். மறுநாள் விடியுமுன் ரத்தினங்கியோடு பரமபத வாசல் வழியே எழுந்தருளினார். அன்று வீதியில் ஓட இடம் எது? ஊசி போட இடமில்லாத கூட்டம். அன்று மருமகள் எங்களோடு கூட்டத்தில் நின்றுதான் சேவித்தாள்.

ஏகாதசி முடிந்த மூன்றாம் நாள் சின்னக் குழந்தைக்கு ஜுரம் வந்தது. இரவெல்லாம் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஓட்டமாவது, சைக்கிளாவது! ஐந்து வாரமாக விடாமல் சேர்த்த வரிசை அறுந்துவிடும் போலிருந்தது. வரிசை அறுந்தால் அதற்கென்று தரும் புள்ளி போய்விடும். கோஷ்டிக்கும் நஷ்டம்.

அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அவள் கணவன் ஒரு யோசனை சொன்னான். "இதென்ன பிரமாதம்? உன் போனைக் கொடு. நான் சட்டைப் பையிலே போட்டுண்டு வீதியை நாலு சுத்து நடந்துட்டு வரேன். அதுக்கு என்ன தெரியப் போறது, யார் நடந்தான்னு?"

பாவம், மனைவி மேல் பிரியத்தினால் சொன்னான். அவளும் குழந்தையைத் தட்டிக்கொண்டே ஒரு கணம் பேசாமல் இருந்தாள். ஆமாம், ஒரு கணம் யோசித்தாள். அந்த ஒரு கணத்தை நான் பார்த்தேன்.

பூஜை அலமாரிப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஏண்டா, நான் முப்பது நாளும் திருப்பாவை சேவிக்கறேன். ஒரு நாள் உடம்பு முடியாம விட்டுப்போச்சுன்னா, சேவிச்சதா எழுதிண்டுடலாமா? பெருமாளுக்குத் தெரியாதுன்னு வெச்சுக்கோ. எனக்குத் தெரியாதோ? விட்டா விட்டதுதான். குழந்தைக்காக விட்டது ஒண்ணும் தோஷமில்லே. நாளைக்கு மறுபடி ஆரம்பிக்கட்டும்."

வீடே நிசப்தமாகிவிட்டது. மருமகள் மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். போனை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரிம்மா" என்றாள்.

எனக்கு அப்போது ஜூலி மாஸ் என்ற பெண்ணின் ஞாபகம் வந்தது. 1982-இல் ஹவாய்ப் பந்தயத்தில் முதலில் வந்துகொண்டிருந்த கல்லூரி மாணவி அவள். எல்லைக் கோட்டுக்குச் சில கஜ தூரத்தில் கால் மடங்கி விழுந்தாள். பின்னால் வந்தவள் தாண்டிப் போய் ஜயித்துவிட்டாள். ஜூலி எழுந்திருக்க முடியாமல் கையை ஊன்றித் தவழ்ந்து போய்க் கோட்டைத் தொட்டாள். டெலிவிஷனில் அதைப் பார்த்த எத்தனையோ பேர், முதலில் வந்தவளைவிடத் தவழ்ந்து வந்தவளைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

குழந்தைக்கு ஜுரம் விட்டது. மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு அடுக்களையில் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். அக்கா பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். "அவள் வெறும் வயத்தோட ஓடறா. ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு ஓடட்டும். குழந்தையை நான் பார்த்துக்கறேன்" என்றாள். அன்று வாசல் கோலத்தில் நடுவே ஓர் ஆள் கால் வைத்துப் போகும் அளவுக்கு இடம் விட்டிருந்தது.

தீர்ப்பு

கூடாரவல்லி அன்று அக்காரவடிசல். நெய் முழங்கை வரை வழிந்தது. எட்டு வாரத்தில் மிச்சம் சில நாள்தான். பட்டியலில் மருமகளின் பெயர் உச்சியிலும் இல்லை, அடியிலும் இல்லை, நடுவில் எங்கோ இருந்தது. மூன்று நாளைக்கு நேராக மூன்று சுழி. அந்தச் சுழிகளை அவள் எனக்குக் காட்டியபோது அவள் முகத்தில் வருத்தமே இல்லை. சர்க்கரையை மறுபடி பார்த்ததில் எண்ணும் இறங்கியிருந்ததாம்.

திருச்சிக்கு ஓட்டம் புதிதல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் 2021-இல் நடந்தபோது, ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நால்வரில் ஆரோக்கிய ராஜீவ், சுபா வெங்கடேசன் இருவரும் திருச்சி மாவட்டத்துக்காரர்கள்தான். ஆனால் அவர்களைப் பார்த்துக் கை தட்டுவதோடு நம் கடமை முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் தவறு.

வாசக சகோதரிகளே, உங்களை நான் நீந்தவும் சைக்கிள் விடவும் சொல்லவில்லை. அடுத்த மார்கழியில் ஸ்ரீரங்கம் போனால், சேவித்துவிட்டு அப்படியே அடையவளஞ்சானை ஒரு சுற்று நடந்து பாருங்கள். போக முடியாதவர்கள் உங்கள் தெருவைச் சுற்றுங்கள். பாட்டுச் சொல்ல முடிகிற வேகம் போதும். நாற்பதைத் தாண்டியவர்கள் முதலில் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். விட்டுப்போன நாளுக்குச் சுழி போட்டுவிட்டு, மறுநாள் மறுபடி கிளம்புங்கள். அவ்வளவுதான் இரகசியம்.

என் தீர்ப்பு என்ன என்று கேட்கிறீர்களா? அதற்கு அவசியமே ஏற்படவில்லை. நான் ஊருக்குக் கிளம்பிய அன்று, மருமகள் நீச்சல் குளத்துக்குப் போகப் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா வெற்றிலையை மடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டாள்:

"ஏம்மா, அந்தக் குளம் எவ்வளவு ஆழம் இருக்கும்?"